வாயின்றி உண்ணும் உயிர்கள்

உயிர் வாழ்வதற்கு உணவு இன்றியமையாதது. உண்ணாது வாழும் உயிர் உலகில் ஒன்றும் இல்லை. ஆயின், உணவு பெறும் முறை எல்லா உயிர்க்கும் ஒன்றன்று. மரமும் செடியும் கொடியும் நின்ற இடத்தில் நின்றவாறே தமக்கு வேண்டிய உணவைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. வேர் கொணரும் நீரும், காற்றில் கலந்துள்ள கரியமில வாயுவும் அவற்றிற்கு அரிசியும் பருப்பும் போன்றவை. கதிரவன் ஒளியே அடுப்பு. இலையிலுள்ள பச்சையமே சமையற்காரர். விலங்குகளுக்கு இவ்வாற்றல் இல்லை. அவை தாவரங்களைத் தின்றோ, தாவரந்தின்னும் பிற விலங்குகளைத் தின்றோ வாழ்கின்றன. அதற்கெனவே வாயும் பல்லும் வயிறும் அவற்றிற்கு அமைந்துள்ளன.

இவ்விரண்டு வகையிலும் அடங்காத மூன்றாம் கூட்டம் ஒன்று உண்டு. அக்கூட்டத்து உயிர்களுக்குச் சமைக்கத் தெரியாது; ஏனெனில், அவற்றிடம் பச்சையம் இல்லை. மெல்லுதற்கு வாய் இல்லை. செரித்தற்கு வயிறு இல்லை. இரை தேடி நடத்தற்குக் காலும் இல்லை. எனினும் அவை உண்கின்றன, வளர்கின்றன, உலகெங்கும் பரவி வாழ்கின்றன. அவையே பூசணங்கள் எனப்படுபவை.

பூசணத்தைக் காணாதவர் எவரும் இலர். மழை பெய்து ஓய்ந்தபின் ஈர வைக்கோற்போரின் அடியில் குடை விரித்து நிற்கும் காளான் ஒரு பூசணம். உப்புக் குறைந்த ஊறுகாயின்மீது படரும் வெண்படலம், பெட்டியில் மறந்து வைத்த தோற்செருப்பின்மீது பூக்கும் சாம்பல் நிறத்தூள், கள்ளில் நுரை எழுப்பும் ஈஸ்ட்டு, மனிதரின் தோலில் வட்டவட்டமாய்ப் பரவும் படர்தாமரை ஆகிய யாவும் அக்குலத்தின் செயல்களே. பண்டம் கெட்டால், ‘பூஞ்சணம் பூத்துவிட்டது’ என்று வீட்டிலுள்ளோர் கூறுவர். உண்மையில் இக்குலத்திற்குப் பூவும் இல்லை, காயும் இல்லை, விதையும் இல்லை. தூளினும் நுண்ணிய வித்துத் துகள்களைக் காற்றில் உதிர்த்து, அவற்றால் இவை பெருகுகின்றன. இத்துகள்களைச் சிதல்கள் என்பர்.

நெடுங்காலமாகப் பூசணங்களைத் தாவரங்களுள் ஒரு பிரிவாகவே அறிஞர்கள் எண்ணிவந்தனர். மண்ணிலும் மரத்திலும் ஊன்றி நிற்றலால் அவ்வாறு கருதினர் போலும்! பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சிகள் அக்கருத்தை மாற்றின. 1969-ஆம் ஆண்டில் விட்டேக்கர் என்னும் அமெரிக்க அறிஞர் உயிர்களை ஐந்து பெரும் பிரிவுகளாக வகுத்தபோது, பூசணங்களுக்குத் தனி இடம் அளித்தார். தாவரங்களின் செல்சுவர் செல்லுலோசு என்னும் பொருளால் ஆனது. பூசணங்களின் செல்சுவரிலோ கைட்டின் என்னும் பொருள் உள்ளது. வண்டும் இறாலும் அணிந்துள்ள ஓட்டிலும் இதே பொருளைக் காணலாம். தாவரம் தன் உணவை மாவுப் பொருளாகச் சேமிக்கும். பூசணமோ விலங்குகளைப்போலக் கிளைக்கோசனாகச் சேமிக்கும். உறவுமுறை நோக்கினால், காளான் தான் ஒட்டி நிற்கும் மரத்தைவிட அம்மரத்தடியில் ஓடும் எறும்பிற்கே அணுக்கமானது என்பது வியப்பன்றோ! இதுவரை பெயரிட்டு விளக்கப்பட்ட பூசண வகைகள் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம். இன்னும் கண்டறியப்படாதவை அவற்றினும் பன்மடங்கு என்பது அறிஞர் துணிபு.

காளானின் குடையைக் கண்டு அதுவே அதன் முழு உடல் என்று எண்ணுதல் தவறு. மாங்கனியைக் கண்டு அதுவே மாமரம் என்று கூறுதலை ஒக்கும் அது. குடை, சிதல்களை உதிர்த்தற்கெனச் சில நாள் தோன்றி மறையும் உறுப்பேயாகும். மெய்யான உடல் மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் மறைந்து கிடக்கிறது. அது மயிரினும் மெல்லிய இழைகளின் பின்னல். ஒவ்வோர் இழையும் நுனியில் நீண்டு, பக்கங்களில் கிளைத்து, உணவு உள்ள திசையெல்லாம் ஊடுருவிச் செல்லும். கைப்பிடி அளவுள்ள தோட்டத்து மண்ணில் கண்ணுக்குப் புலப்படாமல் ஓடும் இவ்விழைகளை நீட்டி அளந்தால், அந்நீளம் காண்போரைத் திகைக்கச் செய்யும்.

வாயும் வயிறும் இல்லாத இவ்விழை உண்பது எங்ஙனம்? விலங்குகள் உணவை உள்ளே கொண்டு, பின்பு செரிக்கின்றன. பூசணமோ முதலில் வெளியே செரித்துப் பின்பு உள்ளே கொள்கிறது. இழையின் நுனியிலிருந்து நொதிகள் என்னும் செரிமானப் பொருள்கள் கசிகின்றன. நம் வயிற்றில் சுரக்கும் நீர் சோற்றையும் பருப்பையும் கரைத்தல் போல, இந்நொதிகள் இழையைச் சூழ்ந்துள்ள பொருளைக் கரைக்கின்றன. மாவுப் பொருள் சர்க்கரையாகிறது. புரதம் சிறு கூறுகளாகப் பிரிகிறது. கரைந்த அச்சாற்றை இழை தன் சுவரின் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. அடிபட்ட கொய்யாக்கனி ஒருபுறம் குழைந்து நீர்விடுதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. அங்கே பூசணம் தன் விருந்தைக் கனிக்குள்ளேயே சமைத்து உண்கிறது. விலங்கு தன் வயிற்றைச் சுமந்துகொண்டு உணவைத் தேடி அலைகிறது. பூசணம் உணவையே தன் வயிறாக்கி அதனுள்ளே வாழ்கிறது.

இங்ஙனம் உண்ணும் முறை ஒன்றே ஆயினும், எவ்வுணவை உண்கின்றன என்பதனைக் கொண்டு பூசணங்களை மூவகைப்படுத்தலாம். அவை மட்குண்ணி, கூட்டுயிரி, ஒட்டுண்ணி என்பன.

இறந்த பொருள்களை உண்பவை மட்குண்ணிகள். காட்டில் ஆண்டுதோறும் உதிரும் சருகுக்கும் முறிந்து விழும் கிளைக்கும் அளவில்லை. அவை அனைத்தும் அழியாது குவிந்துகொண்டே போனால், காடு தன் குப்பைக்குள் தானே புதைந்துபோகும். மரத்திற்கு வன்மை தரும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கும் ஆற்றல் உயிர்களுள் மிகச் சிலவற்றிற்கே உண்டு. அவற்றுள் தலைசிறந்தவை பூசணங்களே. அவை பட்ட மரத்தைப் பொடியாக்கி, அதிலுள்ள சத்துக்களை மீண்டும் மண்ணுக்கு அளிக்கின்றன. அம்மண்ணில் புதுச்செடி தழைக்கிறது. முதலாமவர் விட்டுச்சென்ற செல்வத்தை அடுத்தவர்க்குப் பங்கிட்டுக் கொடுக்கும் நேர்மையான கணக்கர் இவை எனலாம்.

பிறிதோர் உயிரோடு கொடுத்தும் கொண்டும் வாழ்பவை கூட்டுயிரிகள். நிலத்தில் வாழும் தாவரங்களுள் நூற்றுக்கு எண்பதிற்கு மேற்பட்டவற்றின் வேர்களில் பூசணங்கள் குடியிருக்கின்றன. வேர் எட்டாத இடத்திலுள்ள நீரையும் மணிச்சத்தையும் பூசண இழைகள் கொணர்ந்து தருகின்றன; செடியோ தான் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைப் பூசணத்திற்கு அளிக்கிறது. செட்டிநாட்டுச் சமையலில் மணம் கூட்டும் கல்பாசியும் இத்தகைய கூட்டுறவின் விளைவே. பெயரில் பாசியாயினும், அது பாசியும் பூசணமும் சேர்ந்து கட்டிய ஒரே குடும்பம். பூசணம் வீடாகி நின்று ஈரத்தைக் காக்கிறது. பாசி அவ்வீட்டினுள் இருந்து உணவு சமைக்கிறது.

மூன்றாம் வகையினவே ஒட்டுண்ணிகள். இவை உயிருள்ள உடம்பில் புகுந்து அதன் உணவைக் கவர்ந்து வாழ்வன. எவ்வுயிரில் புகுகின்றனவோ அதனை ஓம்புயிர் என்பர். ஓம்புயிர் ஓம்புகிறது, ஒட்டுண்ணி அதற்குக் கைம்மாறு ஒன்றும் செய்வதில்லை. உண்ட வீட்டிற்கே இரண்டகம் செய்யும் இயல்பினது அது. சோளக் கதிரில் மணிக்கு மாறாகக் கருந்தூளை நிரப்பும் கரிப்பூட்டை, கரும்பின் உள்ளே சிவந்து புளிக்கும் செவ்வழுகல், நெல்லின் கழுத்தை ஒடிக்கும் குலைநோய் ஆகியவை உழவர் நன்கறிந்த ஒட்டுண்ணிகளின் செயல்கள். படர்தாமரைப் பூசணம் நம் தோலின் மேற்படலத்திலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தைக் கரைத்து உண்கிறது. வெப்பமண்டலக் காடுகளில் ஒருவகைப் பூசணம் எறும்பின் உடலுள் புகுந்து, அதனைச் செடியின்மேல் ஏறச் செய்து, இலையின் நரம்பைக் கவ்விய நிலையிலேயே கொன்று, அதன் தலையினின்றும் தண்டுபோல் முளைத்துச் சிதல்களை உதிர்க்கிறது.

ஒட்டுண்ணிகளிலும் இரு இயல்பினர் உளர். ஒரு சாரார் கொன்று உண்பவர். இவை நஞ்சும் நொதியும் கக்கி ஓம்புயிரின் செல்களைச் சாகடித்து, செத்த பகுதியை உண்டு மேலும் பரவும். மற்றொரு சாரார் கொல்லாது உண்பவர். இவற்றிற்கு உயிருள்ள செல்லே வேண்டும். செல் இறந்தால் இவற்றின் உணவும் அறும். ஆதலின் செல்லின் சுவரைத் துளைத்து, உள்ளேயுள்ள மெல்லிய தோலைக் கிழிக்காமல் அழுத்தி, ஒரு சிறு உறிஞ்சுறுப்பை நுழைத்து வைக்கும். கள்வன் வீட்டாரை எழுப்பாது களஞ்சியத்தில் குழாய் பொருத்தி வைத்தாற்போன்றது அது. செடி பகலெல்லாம் சமைக்கும். சமைத்ததன் ஒரு பகுதி அக்குழாய் வழியே ஒழுகிப்போகும்.

உள்ளே புகும் முறையும் வியப்பிற்குரியது. நெல்லின் குலைநோய்ப் பூசணம் இலையின்மீது முளைத்ததும், தன் இழை நுனியில் சிறு குமிழ் ஒன்றை அமைத்து இலையோடு ஒட்டிக்கொள்ளும். அக்குமிழுக்குள் நீரை ஈர்த்து ஈர்த்து அழுத்தத்தை வளர்க்கும். அது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ எண்பது மடங்கு வரை உயரும். அவ்வலிமையால் ஊசிபோன்ற ஒரு முனை இலையின் மேல்தோலைத் துளைத்து உள்ளே பாயும். துருநோய்ப் பூசணங்கள் பலவும் இவ்வளவு முயற்சியை மேற்கொள்வதில்லை. செடி மூச்சு விடுதற்கென இலையில் வைத்துள்ள நுண்துளைகளே அவற்றிற்கு வாயில். செடி திறந்து வைத்த கதவின் வழியாகவே பகை உள்ளே நுழைகிறது.

இத்தகைய துருப் பூசணம் ஒன்று ஒரு நாட்டின் செல்வத்தையும், தமிழ்மக்கள் பல்லாயிரவரின் வாழ்வையும் மாற்றிய வரலாறு அறியத்தக்கது. அது நிகழ்ந்த இடம் இலங்கை. நிகழ்ந்த காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி.

இலங்கை மலைநாட்டில் ஆங்கிலேயர் பெருங்காடுகளை அழித்துக் காப்பித் தோட்டங்களை அமைத்தனர். மலைச்சரிவுகள்தோறும், ஓரூரின் எல்லையிலிருந்து மற்றோரூரின் எல்லைவரை, காப்பிச் செடியே கண்ணுக்கெட்டிய தொலைவும் நின்றது. அத்தோட்டங்களில் உழைத்தவர் பெரும்பாலும் தமிழ்நாட்டினின்றும் சென்ற ஏழை மக்கள். மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி முதலிய பகுதிகளிலிருந்து புறப்பட்டு, கடலைப் படகில் கடந்து, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே பல நாள் நடந்து அவர்கள் மலைநாட்டை அடைந்தனர். வழியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையானோர் பலர். காப்பியின் கனி பறிக்கும் வேலை ஆண்டு முழுவதும் இருப்பதன்று. ஆதலின் பருவத்தில் சென்று, கனி பறித்து, பருவம் முடிந்ததும் கூலியைக் கொண்டு தம் ஊர் திரும்புதல் பலருக்கு வழக்கமாக இருந்தது. 1870-ஆம் ஆண்டளவில் இலங்கை ஏறத்தாழ 10 கோடி இராத்தல் காப்பியை ஏற்றுமதி செய்தது. உலகின் மிகப் பெரிய காப்பி நாடுகளுள் ஒன்றாக அது விளங்கிற்று.

1869-ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலுள்ள தோட்டமொன்றில், காப்பி இலைகளின் அடிப்புறத்தில் மஞ்சள் கலந்த செந்நிறப் புள்ளிகள் சில தோன்றின. விரலால் தொட்டால் மஞ்சள்தூள் போல் ஒட்டிக்கொண்டது. நோயுற்ற இலைகள் காலத்திற்கு முன்பே உதிர்ந்தன. பேராதனைத் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த துவைட்சு என்பார், அவ்விலைகளை இங்கிலாந்திலிருந்த பெர்க்கிலி என்னும் பூசணவியல் அறிஞருக்கு அனுப்பினார். பெர்க்கிலி அதனை ஆராய்ந்து, இதுவரை அறியப்படாத பூசணம் எனக் கண்டு, எமிலேயா வாசுட்டாட்ரிக்சு என்று பெயரிட்டார். முற்சொல்லுக்குப் பாதி வழவழப்பானது என்பது பொருள்; அதன் சிதல் ஒருபுறம் வழவழப்பாகவும் மறுபுறம் சொரசொரப்பாகவும் இருத்தலின் அப்பெயர் அமைந்தது. பிற்சொல்லுக்குப் பாழ்செய்வது என்பது பொருள். அச்சொல் பின்னாளில் எவ்வளவு மெய்யாயிற்று என்பதை வரலாறு காட்டும்.

முதலில் தோட்டக்காரர் இந்நோயைப் பெரிதாக எண்ணவில்லை. செடி ஒரேயடியாகப் பட்டுப்போகவில்லை. இலை உதிர்ந்தாலும் மீண்டும் தளிர்த்தது. கொல்லாது உண்ணும் ஒட்டுண்ணியின் இயல்பு அதுவேயன்றோ! ஆயின், இலையே செடியின் அடுக்களை. ஆண்டுதோறும் அடுக்களையை இழந்த செடி, கிளை வாடி, கனி குன்றி, சில ஆண்டுகளில் பயனற்றுப்போயிற்று. சிலர் மண் வளம் குன்றியதே காரணம் என்று எரு இட்டனர். சிலர் வானிலையைப் பழித்தனர். சிலர் கந்தகமும் சுண்ணாம்பும் தூவினர். நோய் நில்லாமல் பரவியது. அதே காலத்தில் காப்பியின் விலை உயர்ந்தே இருந்தமையால், தோட்டக்காரர் மேலும் மேலும் புதுக்காடுகளை வெட்டிக் காப்பியையே நட்டனர். பகைக்குப் புதிது புதிதாக விருந்து வைத்தவாறாயிற்று அது.

1880-ஆம் ஆண்டில் அரசினர் ஆரி மார்சல் வார்டு என்னும் இளைஞரை இந்நோயை ஆராய்வதற்கென இலங்கைக்கு அனுப்பினர். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தாறு. அவர் ஈராண்டுக் காலம் தோட்டந்தோறும் சென்று, பொறுமையோடு ஆராய்ந்தார். சிதலை நீர்த்துளியில் இட்டு அது முளைப்பதை நுண்பெருக்கியின் வழியே கண்டார். முளைத்த இழை இலையின் அடிப்புறத்துத் துளை வழியே உள்ளே புகுவதையும், செல்களுக்குள் உறிஞ்சுறுப்புகளைச் செலுத்துவதையும், பின்னர் அத்துளை வழியாகவே வெளிவந்து கொத்துக்கொத்தாய்ச் சிதல்களைப் பெருக்குவதையும் படிப்படியாகப் பதிவு செய்தார். தோட்டங்களில் கண்ணாடித் தகடுகளை வைத்து, அவற்றில் வந்து படிந்த சிதல்களைக் கண்டு, காற்றே இந்நோயைச் சுமந்து திரிகிறது என்பதை நிறுவினார். நோய் மண்ணிலிருந்தோ செடியின் தளர்ச்சியிலிருந்தோ தானே பிறப்பதன்று. வெளியிலிருந்து வந்து புகுவது என்பது ஐயத்திற்கிடமின்றித் தெளிவாயிற்று.

அவ்வாராய்ச்சியிலிருந்து வார்டு இரண்டு உண்மைகளைப் பெற்றார். சிதல் முளைப்பதற்கு இலையின்மீது நீர்த்துளி வேண்டும். முளைத்து உள்ளே புகுந்தபின் எம்மருந்தைத் தூவினும் அது பூசணத்தை எட்டாது. ஆகவே, மருந்து பயன்பட வேண்டுமானால், சிதல் புகுமுன்னரே இலையின்மீது இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. தடையின்றி ஒரே செடி மலைக்கு மலை பரந்து நின்றால், காற்றில் வரும் சிதல் எங்கு விழுந்தாலும் அதற்கு உணவு கிடைக்கும். இடையிடையே வேறு மரங்கள் நின்றால் அவை காற்றைத் தடுத்துச் சிதலையும் தடுக்கும் என்பது மற்றொன்று. இவ்வுண்மைகள் நல்லனவே ஆயினும் காலம் கடந்து வந்தன. நோயை ஒழிக்கும் மருந்தை எதிர்பார்த்திருந்த தோட்டக்காரருக்கு அவர் அறிக்கை நிறைவளிக்கவில்லை. வார்டு 1882-இல் இங்கிலாந்து திரும்பினார். பின்னாளில் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக விளங்கினார். தாவர நோயியல் என்னும் துறைக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவராக இன்று அவர் போற்றப்படுகிறார்.

காப்பி வீழ்ந்தது. 1884-இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. 1889-இல் ஏற்றுமதி ஏறத்தாழ 50 இலட்சம் இராத்தலாகச் சுருங்கிற்று. அஃதாவது, முன்னிருந்ததில் இருபதில் ஒரு பங்கு. தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பலேறிய துரைமார் பலர். ஏறுதற்குக் கப்பலும் விற்றற்குத் தோட்டமும் இல்லாத தொழிலாளரோ, மாதக்கணக்கில் கூலி நிலுவையாகி நிற்க, செய்வதறியாது திகைத்தனர். இலையின் அடியில் தோன்றிய மஞ்சள்தூள் ஏழையின் அடுப்பை அணைத்துவிட்டது.

காப்பி நின்ற இடத்தில் தேயிலை வந்தது. கண்டிக்கு அருகிலுள்ள லூல்கந்துரையில் சேம்சு டெய்லர் என்பார் 1867-ஆம் ஆண்டிலேயே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். அம்முயற்சி இப்போது நாடு முழுமைக்கும் வழிகாட்டிற்று. ஆனால், காப்பிக்கும் தேயிலைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. காப்பிக் கனி பருவத்தில் மட்டுமே பறிப்பது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும், சில நாட்களுக்கு ஒருமுறை, தவறாது கிள்ளப்பட வேண்டுவது. அதற்கு ஆண்டு முழுவதும் ஆட்கள் வேண்டும். ஆகவே, பருவந்தோறும் போய்வந்த தமிழ்மக்கள், மனைவி மக்களோடு மலையிலேயே தங்கலாயினர். ‘லயன்’ எனப்படும் நெடிய வரிசை வீடுகளில், ஒரு குடும்பத்திற்கு ஓர் அறையாக அவர்கள் வாழ்க்கை அமைந்தது. அவர்தம் வழித்தோன்றல்களே இன்று மலையகத் தமிழர் எனப்படுவோர். நாடு உரிமை பெற்றபின், 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுள் மிகப் பலர் நாடற்றவராயினர். 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பலர் இந்தியாவிற்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் முழுமை பெற்றது. இத்துன்பங்களுக்கெல்லாம் பூசணம் காரணம் என்று கூறுதல் பொருந்தாது. அவை மனிதர் இயற்றிய சட்டங்களின் விளைவு. எனினும், ஊர் திரும்பும் வழியை அடைத்து அம்மக்களை மலையில் நிலைபெறச் செய்த காரணங்களுள் அந்நுண்ணுயிரும் ஒன்று என்பதை மறுத்தல் இயலாது.

வார்டு கண்ட உண்மை வீண்போகவில்லை. பிரான்சு நாட்டில் போர்தோ நகரத்தருகே, வழிப்போக்கர் திராட்சையைத் திருடாதிருத்தற்பொருட்டு, சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீரைத் தெளித்து வைப்பது வழக்கம். இலைகள் நீலம் பாரித்து அருவருப்பாகத் தோன்றும். அங்ஙனம் தெளித்த கொடிகளில் மட்டும் நோய் இல்லாதிருப்பதை மில்லார்டே என்னும் பேராசிரியர் கண்டார். அதனை ஆராய்ந்து 1885-இல் வெளியிட்டார். போர்தோக் கலவை என்று வழங்கும் அம்மருந்து, சிதல் முளைக்குமுன்னரே இலையின்மீது காவலாக நிற்பது. வார்டு வேண்டிய மருந்து அதுவே. இலங்கைக் காப்பிக்கு அது காலந்தாழ்ந்து வந்தது. எனினும், தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களில் இன்றளவும் மழைக்கு முன்னும் பின்னும் அதனைத் தெளித்து வருகின்றனர்.

துருநோய் இலங்கையோடு நின்றுவிடவில்லை. சில ஆண்டுகளுக்குள் தென்னிந்தியாவிலும், 1876-இல் சாவகத்திலும், 1970-இல் பிரேசிலிலும் அது தோன்றிற்று. 2012-ஆம் ஆண்டை ஒட்டி நடு அமெரிக்க நாடுகளில் பெருகி, சிறு உழவர் பலரை வறுமையில் தள்ளிற்று. நோயைத் தாங்கும் காப்பி வகைகளைக் கண்டெடுக்கும் முயற்சி இந்தியாவில் முன்னரே தொடங்கியது. 1911-இல் மைசூர்ப் பகுதியில், நோயுற்ற செடிகளிடையே நலமாக நின்ற செடி ஒன்றைக் கெண்டு என்னும் தோட்டக்காரர் கண்டு, அதன் வித்துகளைப் பெருக்கினார். அவ்வகை அவர் பெயராலேயே வழங்கிற்று. ஆயின், சில ஆண்டுகளில் பூசணமும் தன் இயல்பை மாற்றிக்கொண்டு அவ்வகையையும் தாக்கிற்று. மனிதன் ஒரு பூட்டை அமைக்க, பூசணம் அதற்கேற்ற சாவியைத் தேடிக்கொள்கிறது. இப்போட்டி இன்றும் முடியவில்லை. நாற்பதிற்கு மேற்பட்ட உட்பிரிவுகளாக அப்பூசணம் இப்போது பிரிந்து நிற்கிறது.

ஒட்டுண்ணிக்கும் ஓர் ஒட்டுண்ணி உண்டு என்பது இயற்கையின் நியதி. காப்பிச் செடியைத் தாக்கும் செதிற்பூச்சியை உண்ணும் வெண்ணிறப் பூசணம் ஒன்று, காப்பித் துருவின்மேலும் படர்ந்து அதனை உண்கிறது. தமிழ்நாட்டு உழவர் விதையோடு கலந்து இடும் திரைக்கோடெர்மா என்னும் பூசணமும், வேரழுகல் விளைக்கும் பிற பூசணங்களைச் சுற்றி வளைத்து, அவற்றின் சுவரைக் கரைத்து உண்பதே. 1928-இல் பிளெமிங் என்பார் தம் ஆராய்ச்சித் தட்டில் தற்செயலாக முளைத்த பூசணத்திலிருந்து பெனிசிலின் என்னும் மருந்து உண்டு எனக் கண்டார். அதனால் உயிர் பிழைத்தோர் எண்ணிலர்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால், பூசணத்தை நல்லது என்றோ தீயது என்றோ ஒரு சொல்லில் கூறுதல் இயலாமை புலனாகும். சருகைக் கரைப்பதும், காப்பியிலையைக் கவர்வதும் ஒரே குலம்; வெளியே செரித்து உள்ளே உறிஞ்சும் தொழில் ஒன்றே. ஒரே பயிரை எல்லையின்றி நட்டு, அதன் நிலை என்ன ஆகும் என்று எண்ணாதிருந்தது மனிதனின் செயல். காடாக இருந்த காலத்தில் அம்மலைகளில் பல்வகை மரங்கள் கலந்து நின்றன. ஒன்றன் நோய் மற்றொன்றை எட்டவில்லை. கலந்து வாழ்தலில் காவல் உண்டு என்னும் பாடத்தை அம்மலைகள் மிகுந்த விலைக்கு விற்றன. அவ்விலையைக் கொடுத்தவருள் பெரும்பாலோர் அக்காப்பியைப் பருகியவரும் அல்லர். அதனால் பொருள் ஈட்டியவரும் அல்லர். நாளை உழவராகவும் அறிஞராகவும் ஆட்சியாளராகவும் விளங்கப்போகும் இளைஞர் இதனை மறவாதிருத்தல் நன்று.

பயிற்சி வினாக்கள்

1. பூசணங்கள் தாவரங்களினின்றும் எவ்வெவ்வாற்றான் வேறுபடுகின்றன?
2. விலங்கு உண்ணும் முறைக்கும் பூசணம் உண்ணும் முறைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. கொன்று உண்ணும் ஒட்டுண்ணி, கொல்லாது உண்ணும் ஒட்டுண்ணி ஆகியவற்றின் இயல்புகளை ஒப்பிட்டு எழுதுக.
4. வார்டு தம் ஆராய்ச்சியால் கண்ட உண்மைகள் யாவை? அவை அக்காலத்தில் பயன்படாமைக்குக் காரணம் என்ன?
5. காப்பிக்குப் பதிலாகத் தேயிலை வந்தமையால் தமிழ்த் தொழிலாளரின் வாழ்வு எங்ஙனம் மாறியது?